கண்ணுக்காரம்மாவின் நெருப்பு

முதலில் புரொபேன். குமிழைக் கால் சுற்றுத் திருப்பி, தீப்பொறிக் கருவியை ஒரு தட்டுத் தட்டுகிறார். பர்னரின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் சுடர் சோம்பல் முறித்துக்கொண்டு எழுகிறது. இரண்டு மூச்சு நேரம் அதை அப்படியே விட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். பிறகுதான் ஆக்சிஜன். மஞ்சள் சுருங்கி நீலமாகிறது. பர்னரின் வாயில் சிறு சிறு நீலக் கூம்புகள் வட்டமாக எழுந்து நிற்கின்றன. அவற்றை அவர் ‘பல்லு’ என்பார். பல் வரிசை ஒரே உயரத்துக்கு வரும்வரை இரண்டு குமிழ்களையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருப்பார். “இன்னும் ஒரு இழை,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். விரல் திரும்புவது பார்க்கிறவருக்குத் தெரியாது. சுடரின் இரைச்சல் மட்டும் கொஞ்சம் இறங்கும், அல்லது ஏறும்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாவி செய்கிறவர் கடை வைத்திருக்கிறார். முதல் மாடியில் தையல்காரர். இரண்டாம் மாடியில் இவர். கண் போனவர்களுக்குக் கண்ணாடியில் கண் செய்து கொடுப்பது இவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் கண்ணுக்காரம்மா. வழி கேட்டு வருகிறவர்களிடம் சாவிக்காரர், “சாவி தொலைஞ்சா என்கிட்ட வாங்க, கண்ணு தொலைஞ்சா மேல போங்க,” என்பார். இருபது வருடமாக இதே வாசகம். அவரே சிரித்தும்கொள்வார்.

என் இடது கண் இவர் செய்தது. பள்ளி நாளில் ஒரு பந்து வந்து அடித்துப் போன கண். கண்ணாடிக் கண்ணுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். கண்ணீர் பட்டுப் பட்டு மேற்பரப்பு சொரசொரத்துவிடும். அந்தக் கணக்கில் இப்போது அணிந்திருப்பது ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

வயது ஐம்பத்து நான்கு. குள்ளம். பருத்தி தவிர வேறு துணி உடுத்துவதில்லை. நைலான் தீப்பொறியைக் கண்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முன்கையில் அரிசி அரிசியாகப் பழைய தீக்காயத் தழும்புகள். வேலை செய்யும்போது வெளிர் ஊதா நிறக் கண்ணாடி போட்டுக்கொள்வார். உருகும் கண்ணாடியிலிருந்து கிளம்பும் மஞ்சள் கூச்சத்தை அது தின்றுவிடும். நிறம் பார்க்க வேண்டிய நேரத்தில் அதை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்.

ஆக்சிஜன் சிலிண்டர் சுவரோரம் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது. புரொபேன் வெளியே பால்கனியில். “ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல தங்க விடக்கூடாது தம்பி. வெளிய இருக்கறவன் சோம்பேறி. உள்ள இருக்கறவன் கோவக்காரன். சோம்பேறி ஜாஸ்தியானா வெள்ளை அழுக்காயிடும். கோவக்காரன் ஜாஸ்தியானா கண்ணாடி கொதிச்சு உள்ள குமிழி விடும். ரெண்டு பேரையும் சமாதானமா வெச்சிருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.” சிலிண்டர் கொண்டுவரும் ஆளுக்கு இவர் என்றால் கிலி. மாட்டி முடித்ததும் அவரைப் போக விட மாட்டார். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு முழுக்கத் தடவுவார். “நில்லுப்பா. குமிழி வருதான்னு பார்த்துட்டுப் போ. ஒண்ணு ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்.” அந்த ஆள் வாசலிலேயே ஒரு காலை வெளியே வைத்தபடி நிற்பார்.

பேர் நினைவில் நிற்காது கண்ணுக்காரம்மாவுக்கு. கண் நிற்கும். “அந்தத் தேன் கலர், ஓரத்துல சாம்பல் ஓடும், அவங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்காம்,” என்பார். பேருந்தில் எதிர்ச் சீட்டுக்காரரின் கண்ணையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வருவார். அவர் கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவர், சாது. “இவகூட பஸ்ல உக்காரவே பயமா இருக்குங்க. எவன் எப்ப எந்திரிச்சு அடிக்க வருவானோ தெரியாது. நான் ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்துக்குவேன்,” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். புகைப்படத்தைப் பார்த்துக் கண் செய்யச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். “போட்டோல கண்ணு செத்துப் போயிருக்கும். ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

போன மாதம் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, உங்க கண்ணுல கீறல் விழுந்திருக்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்க.”

“அக்கா, அது செஞ்சு ஆறு மாசம்தானே ஆச்சு?”

“ஆறு மாசத்துல கீறல் விழக்கூடாதுன்னு சட்டமா? வாங்க.”

போனேன். என் கண்ணைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைக் காட்டி, “இங்கயே உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் போகாதீங்க,” என்றார். பர்னர் அதற்குள் எரிந்துகொண்டிருந்தது. பல் வரிசை சரியாகத்தான் இருந்தது. இருந்தும் குமிழ்களைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

படியேறி வந்தவர்கள் இரண்டு பேர். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடது கண்மேல் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு பெண்மணி. “என்னம்மா, நல்லா இருக்கியா?” என்று பெண்மணி கேட்டார். “வாங்க அண்ணி,” என்றார் கண்ணுக்காரம்மா. கூட வந்தவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வந்திருப்பவர் அவருடைய அண்ணன். இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

அந்தக் கதையைக் கண்ணுக்காரம்மாவின் கணவர் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார். இவர்களுடைய அப்பா வேறு ஊரில், அண்ணன் வீட்டில் இறந்து போனார். சேதி வந்த அன்று காலை ரயிலில் இவர் கிளம்பினார். பாதி வழியில் தண்டவாளத்தில் ஏதோ வேலை; ரயில் நான்கு மணி நேரம் வெட்டவெளியில் நின்றுவிட்டது. அங்கிருந்து பல தடவை போன் செய்து, “நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க, முகத்தைப் பார்த்துடறேன்,” என்று சொல்லியிருக்கிறார். போய் இறங்கியபோது வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் நாற்காலியோடு திரும்பி, “லேட்டாயிடுச்சு பாப்பா,” என்றாராம். இவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணன் வேன் வைத்து வீட்டுச் சாமான்கள் ஏற்றி இறக்குகிறவர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பீரோவை வேனில் கட்டும்போது ரப்பர் கயிற்றின் கொக்கி பிடி நழுவித் தெறித்து வந்து கண்ணில் அடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் கண்ணுக்காரம்மாதான். போன் செய்து நாள் கேட்டது அண்ணி.

“அவரை இந்த நாற்காலியில உக்காரச் சொல்லுங்க தம்பி,” என்றார் கண்ணுக்காரம்மா என்னிடம்.

அவருக்கும் நாற்காலிக்கும் இடையே ஓரடிகூட இல்லை. நான் அவரைப் பார்த்து, “உக்காருங்க சார்,” என்றேன். உட்கார்ந்தார். நான் ஏன் அழைக்கப்பட்டேன் என்பது அப்போது தெரிந்தது.

“துணியை எடுக்கச் சொல்லுங்க.”

“சார், துணியை...”

“காது கேக்குது தம்பி. கண்ணுதான் ஒண்ணு போச்சு,” என்றார் அண்ணன்.

கண் பொருத்த வேண்டிய குழியைக் கண்ணுக்காரம்மா சிறு விளக்கை வைத்துப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னார். அடுத்து, நல்ல கண்ணைப் பார்க்க வேண்டும். எனக்கெல்லாம் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பார்ப்பார். லென்ஸை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை. அன்று அது நடக்கவில்லை. நேராக அலமாரிக்குப் போனார். இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிக் கண்கள் வரிசையாக இருக்கும் இழுப்பறைகளில் மூன்றாவதை இழுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தேடவில்லை. கரும்பழுப்பு, நடுவே கருமணியைச் சுற்றி லேசாகச் செம்மை. கண்ணுக்காரம்மாவின் கண்ணும் அதே நிறம்தான்.

வேலை ஆரம்பமானது. வெள்ளைக் கண்ணாடிக் குழாயைச் சுடரில் சுழற்றி, மறுமுனையில் வாய் வைத்து ஊத, நெல்லிக்காய் அளவு உருண்டை திரண்டது. உச்சியில் பழுப்பை உருக்கி வைத்தார். தலைமுடி கனத்துக்கு இழுத்த நிறக் கண்ணாடிக் கம்பிகளால் அதன்மேல் கதிர் கதிராகக் கோடு போட்டார். நடுவே கறுப்புப் பொட்டு. அதன் மேலே தெளிந்த கண்ணாடி ஒரு சொட்டு. வெள்ளையில் இரண்டு மூன்று சிவப்பு நரம்புகள். கடைசியில் உருண்டையின் பின்பக்கத்தைச் சூடாக்கி, குழாய் வழியே காற்றை உள்ளிழுக்க, அது ஒரு சிப்பி போல உள்வாங்கிக்கொண்டது. இவ்வளவும் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் அண்ணனை ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தார். அதுவும் குழியின் அகலத்துக்காக.

சூடான கண்ணை மெல்ல ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். மூடி போட்ட தகரப் பாத்திரத்தில் அது அரை மணி நேரம் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணிதான் பாவம், தெருவில் வாகன நெரிசல் பற்றியும் மாடிப்படி செங்குத்தாக இருப்பது பற்றியும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைப் பொருத்தியதும் அண்ணி எட்டிப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

“எங்க கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்துது,” என்றார்.

உண்மைதான். கண் அச்சு அசலாக இருந்தது, ஆனால் பக்கத்துக் கண்ணோடு சேரவில்லை. நல்ல கண்ணின் வெள்ளை பழுத்திருந்தது. பழுப்பு வெளிறி, ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் வளையம் ஓடியிருந்தது. மேலிமை ஒரு பக்கம் தொங்கியது. இந்தப் பக்கமோ முப்பது வயதுக்காரன் ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

கண்ணுக்காரம்மா ஊதாக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். லென்ஸை எடுத்தார். எனக்குப் பத்து நிமிடம் என்றால் அண்ணனுக்கு அரை மணி நேரம். ஓரடித் தூரத்தில் முகம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார், இழுத்துவிட்டுப் பார்த்தார். அண்ணன் இரண்டு தடவை பார்வையைத் தாழ்த்தினார். இரண்டு தடவையும், “நேரா பார்க்கச் சொல்லுங்க தம்பி,” என்ற உத்தரவு எனக்கு வந்தது.

எழுந்து பர்னரை அணைத்தார். முதலில் ஆக்சிஜன், பிறகு புரொபேன். துணியால் அதன் வாயைத் துடைத்தார். மறுபடி முதலிலிருந்து: மஞ்சள் சுடர், நீலம், பல். அதோடு நிற்கவில்லை. புரொபேன் குமிழைத் திரும்பவும் தொட்டார். பல் வரிசையின் நுனியில் மங்கலான மஞ்சள் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை தொட்டார். மஞ்சள் கொஞ்சம் நீண்டது. இரைச்சல் தணிந்து, யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது போலாயிற்று. இத்தனை வருடத்தில் அந்தச் சுடரை அப்படிக் கெட்டுப்போன நிலையில் நான் பார்த்ததில்லை.

“அக்கா, சோம்பேறி ஜாஸ்தியாயிட்டானே?”

“தெரியும். வெள்ளை கொஞ்சம் அழுக்காகணும். நான் வெச்சிருக்கற எந்தக் குழாய்லயும் இவ்வளவு வயசான வெள்ளை இல்ல.” சொல்லிக்கொண்டே ஒரு இழை திருப்பினார். “கரி படியக் கூடாது. மங்கணும். அவ்வளவுதான்.”

வெற்றுக் குழாய்த் துண்டு ஒன்றைச் சுடரில் காட்டி, அண்ணன் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார். போதவில்லை. ஆக்சிஜனை ஒரு பொட்டுக் குறைத்தார். மறுபடி ஒரு துண்டு. இப்படி ஏழு துண்டு. ஏழாவது துண்டு, பழைய பீங்கான் கோப்பையின் நிறத்தில் வந்தது. அதற்கு மட்டும் தலையசைத்தார்.

இரண்டாவது கண் பாதி வளர்ந்திருந்தபோது பழுப்பின் ஓரத்தில் சாம்பல் வளையத்தை வைக்க ஆரம்பித்தார். அதுதான் நுணுக்கமான கட்டம். ஒரு பார்வை சுடரில், ஒரு பார்வை அண்ணன் கண்ணில். அண்ணன் தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

“அசையாதேண்ணா!”

அறையில் இருந்த நாங்கள் மூவரும் நிமிர்ந்தோம். அவர் நிமிரவில்லை. குழாய் கையில் சுழன்றுகொண்டே இருந்தது. அதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உருகிய உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அண்ணனும் அசைய முடியாது. அந்த நிலையில் இருந்தபடியே, நேரே பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய அவர் பேசினார்.

“அன்னிக்கு எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னு பிடுங்கி எடுத்தாங்க பாப்பா. பெரியப்பா கத்தினாரு. பாப்பா வந்துட்டிருக்கா, வெயிட் பண்ணலாம்னு சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லலை.”

சுடர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“ரெண்டாவது தடவையும் சொல்லியிருக்கணும்,” என்றார் கண்ணுக்காரம்மா.

“ஆமா.”

“நான் ரயில்லேர்ந்து ஒன்பது தடவை போன் பண்ணேன்.”

“ஆமா.”

“மேல பாரு.”

மேலே பார்த்தார். நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கை தூக்கினார். “துடைக்காத, செவந்துடும், கலர் தப்பாயிடும்,” என்றார். அண்ணன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். வளையம் முடியும்வரை நீர் அதன் போக்கில் வழிந்துகொண்டிருந்தது. கண்ணுக்காரம்மாவின் முகத்தில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வளையம் வைத்து முடித்த பிறகும் அவர் இரண்டு முறை நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். வேலைக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது கண் சரியாக உட்கார்ந்தது. நான் இந்த விஷயத்தில் அனுபவப்பட்டவன். எனக்கே எது எது என்று சட்டென்று தெரியவில்லை. கைக்கண்ணாடியை அண்ணன் வாங்கிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“கிழவன் மாதிரி இருக்கேன்.”

“இருக்கறதைத்தான் செய்ய முடியும்,” என்றார் தங்கை.

எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது, கழற்றும்போது மடியில் துண்டு விரித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலில் செய்த கண் மேசைமேல் பஞ்சில் கிடந்தது. தவறிப்போன கண்களை அவர் உடைசல் டப்பாவில் போட்டுவிடுவது வழக்கம். அதை எடுக்கப் போனபோது அண்ணி, “இதை நான் வெச்சுக்கட்டுமா?” என்றார்.

“எதுக்குடி அது?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கென்ன?”

“எடுத்துக்கோங்க அண்ணி,” என்று கண்ணுக்காரம்மா பஞ்சோடு சுற்றிக் கொடுத்தார். அண்ணி அதைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

பர்னரை அணைத்து, சிலிண்டர்களை மூடி, குழாய்களில் மிச்சமிருந்த வாயுவை வெளியேற்றினார். மீட்டர்களின் முள் பூச்சியத்துக்கு இறங்குவதைக் குனிந்து பார்த்தார். அதற்குள் அவர்கள் இருவரும் வாசலுக்குப் போயிருந்தார்கள். யாரும் யாரிடமும் போய் வருகிறேன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஒற்றைக் கண்காரனுக்கு இறங்கும் படிதான் எதிரி. ஆழம் தெரியாது. பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. அண்ணன் வலது காலை நீட்டினார். முதல் படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கால் காற்றில் நின்றது. சுவரைத் தேடிய கை சுவருக்கு அரை சாண் முன்னாலேயே மூடிக்கொண்டது. அண்ணி, “இருங்க, நான் பிடிச்சுக்கறேன்,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க முன்னால போங்க அண்ணி,” என்றபடி கண்ணுக்காரம்மா என்னைத் தாண்டிப் போனார். அண்ணனின் இடப்பக்கம், பார்வை இல்லாத பக்கம், ஒரு படி கீழே இறங்கி நின்றார். முகத்தைத் தெருவை நோக்கி வைத்துக்கொண்டு, முழங்கையை மட்டும் பின்னால் நீட்டினார்.